கடைசி அலசல்

பல்லடம் ரோட்டில் கிட்டுசாமி அண்ணன் கடை.
கார் கழுவ என்ன வேணுமுங்க என்றேன்.
பதினோரு பாட்டில் எடுத்து வைத்தார்,
சீர்த்தட்டு வரிசை மாதிரி.
ஷாம்பு, ஷாம்புவுக்கு முன்னால் நுரை,
நுரைக்கு முன்னால் ஏதோ நீலம்,
சக்கரத்துக்கு ஒன்று, டயருக்கு வேறொன்று.
புதுக் காருங்களா அம்மணி?

ஒன்பது வருஷம் ஓடிய கறுப்பு ஆல்டோ.
போன மாசம்தான் என் பேருக்கு மாறியது.

பாத்திரம் விளக்குற லிக்விட் போதாதுங்களா?
போதும், என்றார்,
மேலே மெழுகு நிற்க வேண்டாமென்றால்.
சட்டி எண்ணெயும் காரின் மினுக்கும்
அதற்கு ஒன்றுதானாம்.

பிறகு துணிக் கட்டை நீட்டினார்.
அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள்
அப்போதுதான் வாய் திறந்தேன்.
பன்னிரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றிருக்கிறேன்.
மெழுகு தெரியாது. துணி தெரியும்.
நானூறு ஜி.எஸ்.எம். என்றது அட்டை,
முந்நூறுகூட இல்லை என்றது விரல்.
ஓரத்தில் நைலான் நூலில் ஓவர்லாக்,
மூலையில் மொரமொரவென்று லேபிள்.
இது ரெண்டும் கோடு போடுமுங்க.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.
உள்ளே போய், ஓரம் தைக்காத கட்டு
ஒன்றை எடுத்து வந்தார். விலை சொல்லவில்லை,
நான் எடுத்துக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

ஒரு ஷாம்பு, ஒரு மெழுகு டப்பா,
நாலு துணி, ஒரு கையுறை.
மிச்ச பாட்டில்கள் மேஜையிலேயே நின்றன.

கோடு பற்றி எனக்குத் தெரியும்.
ட்யூப்லைட் அடியில் பானெட் முழுக்கச் சிலந்தி வலை.
முன்னால் வைத்திருந்தவர்
பனியன் வேஸ்ட்டால், தூசியோடு தூசியாக,
தினமும் துடைத்திருக்கிறார்.
அந்த மூட்டையில் நான் தள்ளிவிட்ட
ரிஜெக்ட் துணியும் இருந்திருக்கலாம்.
இருக்காது என்று எப்படிச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை. வெயில் காம்பவுண்டு ஏறுவதற்கு முன்னே
ரெண்டு பக்கெட். ஒன்றில் நுரை,
இன்னொன்று கையுறையை அலச மட்டும்.
கூரையிலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே போகக் கூடாது.
முடிந்ததும் இரண்டாம் பக்கெட்டின் அடியில்
விரல் விட்டேன். நறநறவென்று மணல்.
இத்தனையும் வண்டி மேலே தேய்ந்திருக்குமே!

இதிலெல்லாம் பிரச்சினை இல்லை. தண்ணியில்தான்.
எங்கள் போர் உப்பு. காய்ந்தால்
கறுப்பு வண்டி புள்ளி புள்ளியாக வெளுக்கும்.
நல்ல தண்ணி எட்டு நாளைக்கொரு தடவை.
குடத்தில் கை வைத்தபோதே
உள்ளேயிருந்து தெய்வசிகாமணியின் குரல்:
குடிக்கிற தண்ணியிலயா காரக் கழுவுவாங்க?

கை எடுத்துவிட்டேன். சொன்னதில் தப்பில்லை.
ஆனால் நான் ஏற்கெனவே வேறொன்று சேர்த்துவைத்திருந்தேன்:
மூன்று ராத்திரி
ஏ.சி. குழாய்க்கு அடியில் சொட்டுச் சொட்டாக
நிறைந்த ஒரு பக்கெட். உப்பே இல்லாத தண்ணி.
கரண்டு பில்லுக்குப் பயந்து மனுஷன்
ரெண்டு மணிக்கு அணைப்பார்.
நான் மூன்றரைக்கு மறுபடி போடுவேன்.

அதை ஊற்றி, துணியை விரித்து, ஒத்தி எடுத்தேன்.
மெழுகை முதலில் அள்ளிப் பூசிவிட்டேன்,
இட்லிக்குச் சட்னி மாதிரி. தேய்த்துத் தேய்த்துத்
தோள் கழன்றது. பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில்
வெள்ளையாகத் திட்டு. பழைய டூத்பிரஷ்ஷால்
அரை மணி நேரம். அப்புறம் புரிந்தது,
சுண்டுவிரல் நுனியளவு போதும்,
மங்கலாகும் வரை காத்திருந்து துடைத்தால் போதும்.

ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உருண்டோடியது.
கோடுகள் போகவில்லை. கிட்டே நின்றால்
ஒவ்வொன்றும் தெரிகிறது.
கம்பெனியாக இருந்தால் இந்நேரம்
முப்பது இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.
கை தானாகவே பாக்கெட்டைத் தேடியது.
நைட்டியில் பாக்கெட் இல்லை.

ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.
வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து:
இன்னிக்கு ராத்திரி ஏ.சி. அணைக்காம விடட்டுமா?