மெய் உதிரும் குழாய்

வின்னிப்பெக், ட்ரான்ஸ்கோனா. மைனஸ் முப்பத்தொன்று.
என் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில்
சூடு விடும் தகரக் கம்பிவலை.
அதன் வழியாகத்தான்
மேல்வீட்டுக் குகதாசனும் நிரோஜியும்
என்னிடம் சொல்லாததையெல்லாம்
எனக்குச் சொல்கிறார்கள்.

பகலில் எனக்குக் குழாய்ச் சோதனைச்சாலை.
ஒரு முனையில் ஒலிபெருக்கி, மறுமுனையில் மைக்;
நடுவில் எவ்வளவு தொலைந்தது என்று
எழுதிக் கையெழுத்து வைப்பேன்.
ஆகவே தெரியும்,
சுவரை ஒட்டிய காற்று நகராது.
நகரும் காற்று அதில் உரசி உரசி
கையிலிருப்பதைக் கொடுத்துக்கொண்டே போகும்.
நெருக்குண்ட காற்று கண நேரம் சூடாகும்,
அந்தச் சூட்டைத் தகரம் கடன் வாங்கும்,
திருப்பித் தரும்
சீட்டுக்காசு போல
தேவை முடிந்த பிறகு.
குழாய் ஒடுங்க ஒடுங்க நட்டம் கூடும்.
மெல்லிய கீச்சொலி முதலில் சாகும்.

இங்கே முழங்கை வளைவுகள் வேறு மூன்று.
க், ச், ட் எல்லாம் அங்கேயே உதிர,
உயிர் மட்டும் இறங்கி வருகிறது
மெய் இல்லாமல்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு வந்தது:
உ ஆ இ அ, ஆ அ ஐ.

துஷானிட வாடகை.
வேறென்ன?
ஐந்தாம் தேதி தாண்டி ஆறு நாள்.
விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
அரைச் சம்பளத்தைக் கடித உறைக்குள் வைத்து
காலையில் படியேறிப் போய் நீட்ட,
நிரோஜி உறையைப் பார்க்கவேயில்லை.
"ராத்திரி முழுக்க குழாயில வாசனை.
சூடைக் கருவாடோ பொரிச்சனீர்?
இவர் நித்திரை கொள்ளேல்லை."

குழாயில வாசனை.
உ ஆ இ அ, ஆ அ ஐ.
எண்ணிப் பார்த்தேன், படியில் நின்றபடியே.

ஒலி காற்றைத் தட்டிவிட்டுத் தான் மட்டும் போகும்.
கருவாடு அப்படியில்லை.
காற்றோடு காற்றாய், மற்றக் குழாயால்,
ஒரு மெய்யும் குறையாமல்
மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரக்கு ரயில் போகும் நேரம் இன்றிரவு
கம்பிவலைக்குள்ளிருந்து குகதாசன் கூப்பிடுகிறார்,
இம்முறை எனக்காகவே:
இ உ ஆ?

இருக்கா என்கிறாரா,
கிறுக்கா என்கிறாரா.
கட்டிலில் ஏறி நின்று
தகரத்துக்கு வாயை வைத்து
"ஓம்" என்றேன்.
இரண்டுக்கும் அதுதான்.
அதில் தொலைவதற்கும்
பெரிதாக ஒன்றுமில்லை.