காரணம் எழுதும் நிரல்

மூன்று நாள் இருந்து எண்ணினோம்,
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மிதுர்ஷாவும்
மண்டூர்ப் பக்கத்துச் சாவுகளை
முப்பது வருடமாய்ப் பதிந்து வந்த நானும்.
அவளிடம் மடிக்கணினி. என்னிடம்
கறையான் ஓரம் தின்ற பதிவேடுகள்,
எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் விரல்.

"பாரிசவாதம் மட்டும் சொல்லுங்க சேர்.
பக்கத்தில் பிரஷர் என்று இருந்தால்
அதையும்."

சொன்னேன்.
பழைய ஏடுகளில் அது அதிகம் இல்லை.
குறைவாகச் செத்தார்கள் என்றில்லை, பிள்ளை.
அந்த நாளில் நரம்பு வெடிக்குமுன்
வேறு ஏதும் வெடித்துவிடும்.
வீட்டில் விழுந்தவர்களுக்கு
வீட்டார் சொன்னதை எழுதினேன்.
'திடீரென்று.' 'முதுமை.' 'காத்துச் சேட்டை.'
பூபாலபிள்ளைக்கு, 'கிணற்றடியில் வழுக்கி.'
வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்ததை
நானே பார்த்தேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.
"அப்ப தரவு பிழை?"
"பிழையில்லை. அரைகுறை."
மார்கழிக் கடல் வந்த வருடத்து ஏட்டை
அவள் கேட்கவில்லை; நானும் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் கோடு கீறினாள்.
ஏறி, ஒரு மேட்டில் மூச்சு வாங்கி,
பிறகு மெல்ல இறங்கியது கோடு.
குளிசை வந்தது, கிளினிக் வந்தது,
பட்டை கட்டி அமுக்கம் பார்க்கும் தாதி
கடப்படிக்கே வந்தாள்.
"நல்ல செய்தி சேர்."
ஓம், நல்ல செய்திதான்.

பின்னேரம் வயதைப் பிரித்துப் பார்த்தாள்.
எழுபதுக்கு மேலே இறங்கிய கோடு
நாற்பதுகளில் இறங்கவே இல்லை.
வெட்டு மெஷின் ஓட்டிய யோகேசன், நாற்பத்து மூன்று.
கட்டாரிலிருந்து வந்த பதினோராம் நாள் விழுந்த
கிருபாகரன், நாற்பத்தொன்று.
அவளுக்கு அவை புள்ளிகள்.
எனக்கு ஒருவனின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெரியும்.

பிறகு நேசமலர், ஐம்பத்திரண்டு.
கிளினிக் கொப்பியை அரிசிப் பேணிக்குள் வைத்து
வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றிருந்தவள்.
தலையிடிக்குத் தைலம் பூசிப் படுத்த இரவு
பாதை ஓடவில்லை.
வாவியைக் கடக்கும் மிதவைக்கு
எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர்.
இருட்டினால் பாதை இல்லை.
தண்ணீருக்கு அப்பால் குருமண்வெளி விளக்குகள்
கைநீட்டினால் எட்டும் போல் எரிய,
வெல்லாவெளியைச் சுற்றி ஓட்டோவில் கொண்டு போனார்கள்.
பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது
குறட்டை போல் வந்த மூச்சு நின்றது.

காரணம்: மூளையில் இரத்தப்பெருக்கு.
அதற்குக் காரணம்: உயர் குருதியமுக்கம்.
அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.
'பாதை' என்று அதில் எழுத எனக்கு
அதிகாரம் இல்லை.

மூன்றாம் நாள், புறப்படுமுன்,
மிதுர்ஷா பையிலிருந்து பட்டையை எடுத்தாள்.
"சும்மா பார்ப்பம் சேர்."
கை இறுகியது. கருவி பொருமியது.
நூற்றெழுபத்தெட்டு. கீழே நூற்றாறு.
"குளிசை போடுறீங்களா?"
போடுகிறேன் என்றேன்.
சட்டைப் பையில்
நேற்றையதும் முந்தநாளையதும்
கடதாசிச் சுருளுக்குள் அப்படியே கிடந்தன.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.
விட்டதையெல்லாம் சேர்த்துப் போடக் கூடாதாம்.
இன்றையதை மட்டும் விழுங்கினேன்.
அடுத்த வெற்றுப் பக்கத்துக்கு இலக்கமிட்டு
ஏட்டை மூடினேன்.