பதினேழாம் தகடு

காரைக்குடிக்குக் கடல் கேனில் வரும்.
இருபது லிட்டர், நீல மூடி,
செவ்வாய்க்கிழமைகளில் தொண்டி வண்டியில்.
கடலுக்குப் பயந்து உள்நாட்டுக்கு வந்து
மேடு பார்த்து வீடு கட்டியவர்கள் என்று
எங்களைப் பற்றி ஒரு கதை உண்டு.
பயந்தவர்கள் ஊருக்கே இப்போது
மாதம் எட்டு கேன்.

அதில் உலோகத் தகடுகளைத் தொங்கவிடுவேன்.
எவ்வளவு அரித்தது என்று சொல்வேன்.
இருபத்திரண்டு வருடமாக
துருதான் எனக்குச் சம்பளம் தருகிறது.

ஐப்பசியில் ஒரு மரப்பெட்டி வந்தது.
கரையோர அணுமின் நிலையம், பெயர் வேண்டாம்.
உரிமம் முடியப்போகிறதாம்,
இன்னும் இருபது ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டுமாம்.
கடல்நீரை உள்ளிழுக்கும் வாயில்
கம்பிகளோடு ஓராண்டு கட்டிக் கிடந்த
முப்பது தகடுகள்.
கேள்வி ஒரே வரி:
இந்த உலோகம் தாங்குமா?

திறந்ததும் அறை முழுக்கக் கருவாட்டு வாடை.
உமையாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி
ஜன்னலுக்கு ஓடினாள்.
கொட்டலசு, ஆளி, வழவழவென்று பாசி,
எல்லாம் வழக்கம்தான்.
பதினேழாம் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே
வேறொன்று செருகிக் கிடந்தது.
நகம் போல. ஆனால் உள்ளங்கை அகலம்.
வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறம்,
உள்ளே கதிர் கதிராகக் கோடுகள்.

கேன் இறக்க வந்த சிக்கந்தர்
வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.
"பேராமை ஓடு. சின்னது.
சாப்பாட்டுத் தட்டளவு இருந்திருக்கும்."
கம்பிக்குள்ளே எப்படிப் போகும் என்றேன்.
"அது எங்கே போகுது?
தண்ணி இழுக்குது."

விதிமுறைப்படி முதலில் அமிலம்.
ஒட்டியதெல்லாம் கரைய வேண்டும்,
பிறகுதான் தராசு.
இருபத்திரண்டு வருடத்தில்
எதையெல்லாம் கரைத்தேனோ.

வயிரவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நம்மகிட்ட கேட்டது இரும்பை, தெய்வானை."
சரிதான். அவர் தப்பான ஆளில்லை.
அந்த நிலையத்து மின்சாரத்தில்தானோ என்னவோ
என் உலர்த்தும் அடுப்பு சூடாகிறது,
செஞ்சையில் என் மகன்
விசிறிக்கடியில் புரண்டு தூங்குகிறான்.
மூடிவிடு என்று நான் சொல்லவில்லை.

கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்.
இந்த வருடம் பொரிக்கும் பேராமைக் குஞ்சு
வளர்ந்து முதல் முட்டையிட
இருபத்தைந்து ஆண்டாவது ஆகும்.
உரிமம் இருபது.
ஒரு பிள்ளைப் பருவம் முழுக்க
அந்த வாய்க்கு முன்னால்
நீந்திக் கழிக்க வேண்டும்.

முப்பதையும் கழுவினேன்.
பதினேழின் முறை வந்தபோது
தகட்டின் பக்கத்திலேயே
சில்லையும் தராசில் வைத்தேன்.
அட்டவணையில் இருபத்தொன்பது கழித்தல் குறி.
அரித்தால் எடை குறையும், அதுதான் அறிவியல்.
பதினேழில் மட்டும்
கூட்டல் இரண்டு புள்ளி மூன்று கிராம்.

வயிரவன் சார் அந்த வரியில்
பேனா முனையை ஊன்றி வெகுநேரம் இருந்தார்.
"அச்சுப்பிழை இல்லையே?"
"இல்லை சார்."
அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.
மை திட்டாகப் பரவியிருந்த இடத்தை
ஒற்றிவிட்டு
கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மார்கழியில் தொலைபேசி.
உரிமக் குழுவிலிருந்து யாரோ இளம் குரல்,
சளி பிடித்த குரல்.
"மேடம், பதினேழாவது தகடு.
கடலில் கிடந்த இரும்பு
எப்படி எடை கூடும்?"

எத்தனையோ பதில் தயாராய் வைத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
"உங்கள் வாயில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
எத்தனை விரல் இடைவெளி?" என்றேன்.
"ராத்திரியிலும்
அதே வேகத்தில்தான் இழுக்கிறீர்களா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
யாரையோ கூப்பிடும் சத்தம்.
"லைனில் இருங்கள் மேடம்,
பார்த்துச் சொல்கிறேன்."

இருக்கிறேன்.
ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
இந்த வாரத்துக் கேனின் மூடியைத் திருகுகிறேன்.
கடல் கொஞ்சம்
தரையில் சிந்துகிறது.