நகராத வெளிச்சம்

இலக்கு எங்களைவிட மூன்று மடங்கு வேகம்.
துரத்திப் பயனில்லை என்பது
முதல் வாரமே தெரிந்துவிட்டது.
முயலுக்குப் பின்னே நாய் போல
அதன் முதுகையே பார்த்துப் போனால்
மிஞ்சுவது
திரையில் ஒரு வளைந்த கோடு.

ரைன்ஹில்டுதான் சொன்னாள்:
முன்னால் போ.
அது வரும் திசையிலேயே, அதைவிட மெதுவாக ஓடு.
பின்னாலிருந்து அதுவே வந்து உன்னை எட்டும்.
பிடிக்க வேண்டியவன் முன்னால் ஓடுவதா?
சிரித்தேன்.
கணக்கு சிரிக்கவில்லை.

எப்படி ஓடினாலும் விதி ஒன்றுதான்:
பார்வைக் கோடு திரும்பக் கூடாது.
இடம் மாறாமல்
பெருத்துக்கொண்டே வருவது
வந்து மோதும்.
நானூற்றுப் பதினேழு முறை ஓட்டிப் பார்த்தோம்.
அட்டவணையில் வேகம், உயரம், தவறிய தூரம்.
உள்ளே யார் என்பதற்குக் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மேர்ஸ்புர்க் துறையில்
வாடகைக்கு ஒரு துடுப்புப் படகு.
சூரியகாந்தி விதை கொறித்தபடி
ஏரியின் நடுவரைக்கும் போய்
இருட்டத் தொடங்கியதும் திரும்பினேன்.
துடுப்புப் போடுகிறவளுக்குப்
போகும் கரை முதுகில்;
விட்டுவந்த தண்ணீர்தான் கண்ணெதிரே.

கான்ஸ்டன்ஸ் பக்கமிருந்து
கார்களை ஏற்றிக்கொண்டு ஃபெரி புறப்பட்டிருந்தது.
என் படகின் பின்விளிம்பில் துருப்பிடித்த ஓர் ஆணி.
அதன் தலைக்கு நேர் மேலே
ஒரு சிவப்பு, ஒரு பச்சை.
பத்துத் துடுப்பு போட்டேன். அங்கேயே.
இன்னும் பத்து.
ஆணியில் மாட்டிவைத்தாற்போல
அங்கேயே,
கொஞ்சம் பெரிதாக.

மூன்று வருடமாக
நான் கெஞ்சிக் கேட்ட வெளிச்சம் இது.
அது போகும் திசையில்,
அதைவிட மெதுவாக,
முன்னால் நான்.

இடது துடுப்பைத் தண்ணீருக்குள் ஊன்றி
வலதை மட்டும் இழுத்தேன்.
இழுத்தேன்.
ஆணியை விட்டு விளக்கு நழுவியது,
ஒரு விரல் அகலம், ஒரு கை.
பிறகு ஒரு நிறம் அணைந்தது.
அப்படி ஒரு நிம்மதியை
எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை.

ஃபெரி கடந்தபோது மேல்தளத்தில் ஒருத்தி
நீச்சலுக்குப் போய் வந்தவள் போலும்,
மஞ்சள் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பின்னால் வந்த அலை
விதைப் பொட்டலத்தை நனைத்துவிட்டுப் போனது.

திங்கள். நானூற்றுப் பதினெட்டு.
நாற்பது மீட்டரில் தவறியது.
ரைன்ஹில்டு உச்சுக்கொட்டினாள்.
நாற்பது மீட்டர் எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்:
துண்டின் கரை நீலம்.