இரண்டு கட்டங்கள்

குவோபியோ சுகாதார மையத்தின் படிவம்
ஏழாம் பக்கத்தில் கேட்கிறது:
தாம்பத்திய வாழ்வு உண்டா, இல்லையா.
இரண்டு கட்டம். ஒரு டிக்.

இர்மெலி பேனாவைத் திறக்கிறாள், மூடுகிறாள்.
அறுபத்தெட்டு வயது.
எந்த வருஷத்தைக் கேட்கிறார்கள்?

காகித ஆலை இரவுப் பணி முடிந்து
தவ்னோவோடு முதன்முதலில் படுத்தபோது
உடம்பு, இரவல் வாங்கின கோட்டு:
தோளில் தொளதொளப்பு, கையில் குட்டை.
பொத்தான் எங்கேயென்று அவனுக்குத் தெரியாது,
சொல்ல அவளுக்கு வாய் வராது.
இருபத்திரண்டு வயது. ஜூன் மாதம்.
வெளியே இருட்டவே இல்லை,
அது தனி வெட்கம்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு
ராத்திரி ஒரு விரல்கூட மேலே படாதிருந்தால்
அதுவே சொர்க்கம் என்றிருந்தாள்.
"அன்பு குறைஞ்சு போச்சா?" என்றான் தவ்னோ.
இல்லை. தோல் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.
அந்த வாக்கியம் வந்து சேர
இருபது வருஷம் பிடித்தது.

நூலகத்து ஹெல்வியின் மணிக்கட்டு
ஒரு குளிர்காலம் முழுக்கக் கனவில் வந்துபோனது.
புத்தகங்களைத் தாமதமாகவே திருப்பினாள்,
அபராதம் கட்டினாள்.
படிவத்தில் அதற்கும் இடமில்லை.

கடை கட்டியாச்சு என்று
தோழிகள் சிரித்த ஐம்பத்திரண்டில்தான்
தாலின் போகும் கப்பலில்
தவ்னோவைக் கீழ்ப்படுக்கைக்கு இழுத்தாள்.
மேல்படுக்கையில் பெட்டிகள் தூங்கின.
பொத்தான் எங்கேயென்று
அன்றைக்குச் சொன்னாள்.

பிறகு தவ்னோ இல்லை.
ஆறு வருஷம்
ஒன்றுமில்லை.

நீறு பூத்த நெருப்பு என்று எழுதத்தான்
எனக்குக் கை வருகிறது.
இர்மெலி விடமாட்டாள்.
அடுப்பைப் பெருக்கிச் சாம்பலை
பனியில் கொட்டியாச்சு, இது புது விறகு என்பாள்.
அப்போது பிர்ச், படபடவென்று.
இப்போது ஆல்டர். பற்ற நேரமாகும்,
புகை குறைவு.

சனிக்கிழமை சௌனா.
பாவோ தன் காதுக் கருவிகளை
வாசலில் முட்டைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு
செவிடாக உள்ளே வருகிறான்.
முழங்காலில் தையல் தழும்பு,
அவளுக்கு வயிற்றில் இரண்டு.
இதைவிட அதிகமாய் யாரும்
யார் முன்னாலும் அவிழ்க்க முடியாது.

பேச வேண்டியதை
அவன் ஈர முதுகில் விரலால் எழுதுகிறாள்,
எழுத்தெழுத்தாய், தோள்பட்டையிலிருந்து கீழே.
அவன் கண்ணை மூடி உரக்கப் படிக்கிறான்.

இன்றைக்கு எழுதினாள்:
இன்னொரு அகப்பை.
கல்லில் ஊற்றத்தான், தண்ணீர்.

"இன்னொரு… முறை?"
என்கிறான் பாவோ.

இர்மெலி
திருத்தவில்லை.