சுடுவெள்ளம்

காலை ஐந்தேகால்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக் குழாயடியில்
களியல் ஸ்ரீகலாவின் நீல வாளியைக்
காலால் ஒதுக்கிவிட்டுத்
தன் சருவத்தை வைத்தாள்
இனயம் பெனிற்றா.

"எட்டி, கண்ணு தெரியாதா ஒனக்கு?"
"தெரியும். நேத்தும் நீதான் ரெண்டு மட்டம் பிடிச்ச."

வார்டே எழுந்து உட்கார்ந்தது.
இருவருக்கும் வேண்டியது
ஒரே வெள்ளம், ஒரே காரியத்துக்கு:
துணி நனைத்து மார்பில் ஒத்தடம்.
ஒருத்திக்குப் பால் கட்டிக் கல்லாகி வலி.
இன்னொருத்திக்கு
எவ்வளவு பிதுக்கியும் நாலு சொட்டு.

நான் கதவோரம் நின்றேன்.
கையில் ஐஸ் பெட்டி.
உள்ளே ஒரு குப்பி, முப்பது மில்லி,
ஒட்டிய தாளில் பெயர் இல்லை,
எண் ஏழு.

ஸ்ரீகலா பால்வெட்டுக்காரி.
விடிய மூன்று மணிக்குத்
தலையில் விளக்கைக் கட்டி
முந்நூறு மரம் கீறுகிறவள்.
மகன் மஞ்சள் காமாலைக்கு
நீல வெளிச்சத்தில் கிடக்கிறான்.
அவன் குடித்தது போக மிஞ்சியதைத்
தாய்ப்பால் வங்கிக்குத் தரலாமா என்று
நான்தான் போய்க் கேட்டேன்.
"ரப்பர் பாலுன்னா அளந்து சீட்டு தருவான், சிஸ்டர்.
இதுக்கு என்ன சீட்டு?"
சம்மதப் படிவத்தை நீட்டினேன்.
சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்தது.
கையெழுத்துப் போட்டாள்.

பெனிற்றாவின் மகள் தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
அப்பன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து
தங்கலுக்குப் போனவன்.
பிள்ளை இரண்டு மாதம் முந்திப் பிறந்தது
அவனுக்கு இன்னும் தெரியாது.
அரசு தந்த பெட்டகத்துப் பேரீச்சையை
மூத்தவன் தின்று தீர்த்தான், நெய்யையும்.
நேற்று, கறக்கும் கருவியை
மார்பிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"கண்ணீருதான் வருது சிஸ்டர்.
அத எடுப்பீங்களா?"

சுவரில் தாய்ப்பால் வாரப் பதாகை.
அதில் சிரிக்கிற பிள்ளை
அஞ்சு கிலோ இருக்கும்,
எந்த தேசத்துப் பிள்ளையோ.
அதன் கீழேதான் இந்தச் சண்டை.

"நாலு சொட்டு வராதவளுக்கு
என்னத்துக்கு டீ சுடுவெள்ளம்?"

அதைச் சொன்னது ஸ்ரீகலா.
சொன்னதும் அவளுக்கே
வாய் காய்ந்திருக்க வேண்டும்;
வாளியை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போனாள்.
குழாய் திறந்து கிடந்தது.
பெனிற்றா சருவத்தை வைக்கவும் இல்லை,
குழாயை அடைக்கவும் இல்லை.
ஆவி ஏறிக்கொண்டிருந்தது.

யார் பால் யாருக்கு என்று
சொல்லக் கூடாது.
பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
அறுபத்திரண்டரை டிகிரியில் அரைமணி நேரம்,
பிறகு குளிர்,
பிறகு கிருமி இல்லை என்ற தாள் வரும்வரை காத்திருப்பு.
இத்தனை தாண்டி வருகிற பாலில்
களியல் மலையின் வாடையோ
வசவின் சூடோ
மிச்சம் இருக்குமா, எனக்குத் தெரியாது.

என் சட்டையும் நனைந்திருந்தது.
தக்கலையில் அக்கா வீட்டில்
ஏழு மாத மகள்
டப்பா மாவு கரைத்துக் குடித்துத் தூங்குகிறாள்.
ஒப்பந்த வேலை.
விடுப்பு மனு எந்த மேசையில் என்று கேட்பதை
நிறுத்திவிட்டேன்.

ஆறு மணி. கையைக் கழுவினேன்.
மூக்கு வழி போகும் நூல் குழாயில்
இரண்டு மில்லி, சொட்டுச் சொட்டாக.
கண்ணாடிப் பெட்டிக்குள்
அந்தச் சின்ன வாய்
தனக்கு வேலையே இல்லாத இடத்தில்
சப்புக்கொட்டியது.

தராசு: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.

"பன்னிரண்டு கிராம் கூடியிருக்கு" என்றேன் பெனிற்றாவிடம்.
முகத்தைத் துடைத்தாள்.
முந்தானையைச் செருகினாள்.
குழாயடியில் விட்ட குரலை
மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"போய்ச் சொல்லுங்க சிஸ்டர்
அந்த வாளிக்காரிகிட்ட.
அவ பிள்ள மட்டுமில்ல,
எம் பிள்ளயும் வளருதுன்னு."

சொல்கிறேன் என்றேன்.
எட்டு மணிக்கு அடுத்தது.
எண் ஏழில் இன்னும் இரண்டு குப்பி இருந்தது.