ஈரப்பதம்

தை பிறந்து பதினோராம் நாள்
என் நாக்கு கொள்முதலுக்குத் தகுதி பெற்றது.

பதினேழுக்கு மேல் காட்டினால்
நெல்லைத் திருப்பி அனுப்பும் கருவி
மேசைமேல், பில் புத்தகத்துக்குப் பக்கத்தில்.
அதில் என்னை ஒரு பிடி அள்ளிப் போட்டிருந்தால்
எண்ணே வந்திருக்காது.

தூற்றும் இயந்திரம் ஓடுகிறவரை சுணை.
இமைக்குள், காதுக்குள், ரவிக்கைத் தையலுக்குள்.
தும்மிக்கொண்டே சிப்பம் எண்ணுகிறவளிடம்
"ஒரு அவில் போடுங்கக்கா" என்றார்
மூட்டை தூக்கும் வேம்பையன்.
போட்டேன்.
காலை ஒன்று, மதியம் ஒன்று,
சம்பா முடியட்டும் என்று.

அது கைப்பையில் இருந்தது,
சில்லறையோடு, பஸ் டிக்கெட்டோடு,
எல்லோரும் பார்க்க.

மற்றது வீட்டில், மிளகு டப்பாவில்.
மூன்று வருஷமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்.
அமிட்ரிப்டிலின்.
எட்டு எழுத்தையும் ஒருசேரச் சொன்னதில்லை,
நாலாவதுக்குள் யாராவது வந்துவிடுவார்கள்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
தஞ்சாவூர் டாக்டர் கேட்டார்,
வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
கணவருக்கு அது சத்து மாத்திரை.

இப்படி
ஒன்றின் முகம் ஒன்றுக்குத் தெரியாமல்
இரண்டும் எனக்குள் வேலைக்கு வந்தன.

முதலில் எச்சில் போயிற்று.
தாள் புரட்ட விரலை நாக்கில் வைத்தால்
தாள் புரளவில்லை.
பிறகு
தூரத்து லாரியின் எண் தெரிந்தது,
கைக்கடியில் இருந்த சிட்டா தெரியவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு சிப்பம்
முந்நூற்று இருபத்தொன்று என்று ஏறிவிட்டது.
வயலே காணாத ஒன்பது சிப்பம்.
"என்னம்மா, புதுப் பழக்கம்?"
சூபர்வைசர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

நிலையத்தில் கழிப்பறை கிடையாது.
அடக்கி அடக்கிப் பழகியதால்
வராததும் தெரியவில்லை.
அன்று ராத்திரி உட்கார்ந்தேன்.
குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன்.
குழாய் மட்டும் போனது.
மேட்டூர் நிரம்பி நிற்கிறது,
திறக்கச் சொல்லி ஆணை வரவில்லை.

லெட்சுமாங்குடி கடைத்தெரு மெடிக்கலில்
இன்னொரு அட்டை கேட்டேன்.
ஜுலைகா எடுத்த அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"
பின்னால் வேம்பையன்.
அவருக்குப் பின்னால் எங்கள் தெரு.
"இல்லை" என்றேன்.
இல்லை என்ற சொல்
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது.

அவள் என் உதட்டைப் பார்த்தாள்.
பழைய பில் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு
பேனாவைத் தள்ளினாள்.
எழுதினேன். எட்டும்.
என் கையெழுத்தில் அது
யாரோ வெளியூர் ஆளின் பெயர் போல இருந்தது.

அவள் தாளை மடித்து எனக்கே திருப்பித் தந்தாள்.
"இத நீங்களா நிறுத்திடாதீங்க.
அவில இன்னியோட விடுங்க.
ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுது உள்ள.
ஒண்ணுக்குப் போவுதா?"
கடைசிக் கேள்வி என் காதுக்கு மட்டும்.
"இல்லன்னா விடியிற வரைக்கும் இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரி."

பஸ்ஸில் யோசித்தேன்.
ஒரே மதகுக்கு இரண்டு லஸ்கர்.
ஒருத்தன் பகலில் வந்து ஒரு சுற்று இறக்குகிறான்,
ஒருத்தன் இரவில் வந்து ஒரு சுற்று.
இருவருமே நல்லவர்கள்.
கதவு எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று
இருவருக்கும் தெரியாது.
தெரிந்தவள்
மிளகு டப்பாவை மூடிவைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் வைத்தார்கள்.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இப்போது மூக்கைச் சுற்றித் தலைப்பைக் கட்டிக்கொண்டு
தும்மித் தும்மி எண்ணுகிறேன்.
நாலாம் நாள் விரல் நனைந்தது,
தாள் புரண்டது.

ஒன்பது சிப்பத்துக்கு
இன்னும் விளக்கம் எழுதித் தரவில்லை.
'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.
சின்னதுதான்.
எட்டு எழுத்து கொள்ளும்.